உங்கள் உடலுக்கேற்ற சைக்கிள் எது?

"22-ஆ, 24-ஆ?" சைக்கிள் கடைகளில் வெகுகாலமாகக் கேட்கப்பட்டு வந்த கேள்வி இது. இருக்கையைத் தாங்கும் குழாயின் நீளத்தை அங்குலத்தில் சொல்வது அந்த எண். குறுக்குக் குழாயின் மேல் காலை அகட்டி நின்று பார்ப்போம். பாதங்கள் தரையில் படிந்தால் வண்டி நம்முடையது. படியாத சிறுவர்கள் சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டார்கள்.

பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வர அந்தச் சோதனை போதும். ஆனால், வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக்கில் நாளுக்கு 50, 60 கிலோமீட்டர் செல்ல விரும்புகிறவர் அதை மட்டும் நம்பி வாங்கினால் கழுத்தும் முதுகும் முழங்காலும் வலிக்கும். டயரை மாற்றலாம், இருக்கையை மாற்றலாம். பிரேம் எனப்படும் சட்டம் தவறாக அமைந்துவிட்டால் வேறு வண்டிதான் வாங்க வேண்டும்.

முதலில் ஓர் அளவு எடுங்கள். காலணியின்றிச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு இடையே வைத்து, இருக்கை அழுத்துவது போல் மேல்நோக்கி அழுத்துங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பு சுவரில் தொடும் இடத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள தூரம் உங்கள் உட்கால் நீளம். அது 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1967இல் ஹேம்லி, தாமஸ் என்ற இரு ஆய்வாளர்கள், இருக்கையின் மேற்பரப்பிலிருந்து தாழ்ந்த நிலையிலுள்ள பெடல் வரை உட்கால் நீளத்தில் 109 சதவீதம் இருப்பது நல்லது என்று கண்டார்கள். நம் கணக்கில் அது 87.2 செ.மீ. இதில் கிராங்கின் நீளமான 17 செ.மீ.யைக் கழித்தால் 70.2. பந்தய வீரர்களிடையே வழங்கும் மற்றொரு வாய்பாடு, உட்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கச் சொல்கிறது. விடை 70.6. கிராங்கு அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை உள்ள தூரம் இது. இரு வழிகளுக்கும் இடையே அரை சென்டிமீட்டர் கூட வேறுபாடில்லை!

இந்த அளவில் ஏன் இவ்வளவு கறார்? நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,800 தடவை மடங்கி நீள்கிறது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் அதிகம் மடங்கிய நிலையிலேயே விசை கொடுக்க நேரும். முழங்கால் சில்லு தொடை எலும்பின் மீது பலமாக அழுந்தி முன்புறம் வலிக்கும். உயர்ந்திருந்தால் பெடலை எட்டுவதற்காக இடுப்பு இருபுறமும் ஆடும், முழங்காலின் பின்புறம் இழுக்கும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடங்கியிருப்பது பொருத்தம்.

பெல்ஜியத்தின் எட்டி மெர்க்ஸ் ஐந்து முறை பிரான்ஸ் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தை வென்றவர். 1969 செப்டம்பரில் புளுவா நகரத்து ஓடுதளத்தில் நேர்ந்த விபத்தில் அவருடைய இடுப்பு பாதிக்கப்பட்டது. அதன் பின் எந்த இருக்கை உயரமும் அவருக்கு முழுமையாக ஒத்துவரவில்லை. பந்தயத்தின் நடுவிலேயே இருக்கையை ஏற்றி இறக்குவார்.

ஆனால் கவனியுங்கள்: இருக்கையை எந்தச் சட்டத்திலும் ஏற்றி இறக்க முடியும். ஆகவே கால் நீளம் மட்டும் சட்டத்தைத் தீர்மானிப்பதில்லை. கைப்பிடி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். 170 செ.மீ. உயரமுள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு உட்கால் 80 செ.மீ., மற்றவருக்கு 76. முதல்வரின் உடற்பகுதி குட்டை. அவருக்கு இருக்கை உயரமாகவும் கைப்பிடி அருகிலும் இருக்க வேண்டும். இரண்டாமவருக்கு நேர்மாறு. உயரத்தை மட்டும் பார்த்து அளவு சொல்லும் அட்டவணை இருவரிடமும் ஒரே வண்டியைத்தான் நீட்டும்.

கைப்பிடி தொலைவில் இருந்தால் உடலின் பாரம் கைகளில் இறங்கும். உள்ளங்கையின் ஓரத்தில் செல்லும் நரம்பு அழுந்திச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். எட்டவில்லையே என்று இருக்கையை முன்னே தள்ளுகிறவர்கள் உண்டு. அது தவறு. இருக்கையின் இடத்தைப் பெடலை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

1990களின் பிற்பகுதியில் மைக் பரோஸ் என்ற ஆங்கில வடிவமைப்பாளர் தைவானின் ஜயண்ட் நிறுவனத்துக்காகச் சரிந்த மேற்குழாய் கொண்ட சட்டத்தை உருவாக்கினார். அது பரவியதும் இருக்கைக் குழாயின் நீளத்தைச் சொல்லும் எண் பெரும்பாலும் பொருளற்றுப் போயிற்று. காலை அகட்டி நின்று பார்க்கும் சோதனையும் அப்படியே. குழாய் சரிந்திருப்பதால் பெரிய சட்டத்தின் மீதும் எளிதில் நிற்கலாம்!

இன்று பார்க்க வேண்டியவை ஸ்டேக், ரீச் என்னும் இரு அளவுகள். கிராங்கு அச்சின் மையத்திலிருந்து கைப்பிடிக் கழுத்துக் குழாயின் மேல்முனை வரை நேர் உயரம் ஸ்டேக். கிடைத் தூரம் ரீச். ஒரே "54" என்று எழுதியிருக்கும் இரு சட்டங்களில் ஒன்றுக்கு 545, 385 மில்லிமீட்டரும் மற்றதற்கு 575, 375 மில்லிமீட்டரும் இருக்கலாம். முதலாவதன் கழுத்தில் 30 மி.மீ. வளையங்களை அடுக்கி உயர்த்தினால் என்ன ஆகும்? கழுத்துக் குழாய் சாய்ந்திருப்பதால் கைப்பிடி சுமார் 9 மி.மீ. பின்னே வரும். 385 போய் 376 ஆகும். அதாவது, வளையங்களைப் போட்டு நீங்கள் தேடியது இரண்டாவது சட்டத்தில் இயல்பாகவே இருக்கிறது. கைப்பிடியை இணைக்கும் ஸ்டெம் என்ற தண்டு 90 முதல் 120 மி.மீ. வரை இருந்தால் சட்டம் ஏறக்குறையப் பொருந்துகிறது எனலாம். 60 அல்லது 140 தேவைப்பட்டால் வேறு சட்டத்தைப் பாருங்கள்.

இப்போது உங்களிடம் சுகமான வண்டி ஒன்று இருந்தால் அதையே அளக்கலாம். சமதரையில் சுவரோரமாக நேராக நிறுத்தி, கிராங்கு அச்சின் மையத்தையும் கழுத்துக் குழாயின் மேல்முனையையும் சுவரில் குறியுங்கள். இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள உயரமும் தூரமும் உங்கள் எண்கள். தாளில் எழுதிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

குட்டையானவர்களுக்கு இன்னொரு சிக்கல். சட்டம் சிறுத்தாலும் சக்கரம் சிறுப்பதில்லை. திரும்பும்போது கால்விரல் முன்சக்கரத்தில் உரசும். அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜினா டெர்ரி 1980களில் முன்சக்கரத்தை மட்டும் சிறிதாக்கிப் பெண்களுக்கான வண்டிகளைக் கட்டினார். கடையில் ஏறி அமர்ந்ததும் பெடலைக் கிடையாக முன்னே நிறுத்திக் கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். விரல் தொடுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.