முன்னதாக விழித்துக்கொண்ட ஏவலன்

சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் நினைவை இன்றளவும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் பினாங்குச் சூலியா தெருவில், கிங் தெரு வந்து கூடும் முனையிலுள்ள நாகூர் தர்காவைத் தாண்டிச் சற்றுத் தூரம் நடந்தால், அஞ்சடி நடைபாதையின் நிழலில், கல்யாணப் பத்திரிகைகளைத் தமிழில் தட்டச்சுச் செய்து கொடுக்கும் சிறு கடையொன்று இருக்கிறது. அதன் உரிமையாளரான பெரியவர் சென்ற மாதம் என்னிடம் மிகுந்த விசனத்துடன் ஒரு சங்கதியைச் சொன்னார்.

“தம்பி, காலையில் கணினியைத் திறந்தால் தமிழ் எழுத்து வருவதில்லை. அந்த நிரலை நாமே போய்த் தட்டி எழுப்பினால் உடனே எழுந்து வேலை செய்கிறது. தானாக மட்டும் எழமாட்டேனென்கிறது. மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தாயிற்று.”

கணினியில் நம் கண்ணுக்குப் புலப்படும் நிரல்கள் சொற்பமே. அச்சுப்பொறிக்கு வேலையை வரிசைப்படுத்தி அனுப்புவது, கடிகாரத்தைச் சரிபார்ப்பது, நச்சுநிரல்களைக் கண்காணிப்பது, தட்டிய விசையைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தருவது முதலிய காரியங்களைத் திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஓயாமல் நிறைவேற்றும் நிரல்களுக்குத்தான் பின்னணிச் சேவைகள் என்று பெயர். 1963ஆம் ஆண்டில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழுவினர், விஞ்ஞானி மாக்ஸ்வெல் தம் சிந்தனைச் சோதனையில் கற்பித்திருந்த ஒரு சூட்சும உருவத்தை நினைவுகூர்ந்து, இத்தகைய நிரல்களை ‘டீமன்’ என்று அழைக்கலாயினர். மந்திரவாதி ஏவிய வேலையை மறைந்திருந்து முடிக்கும் பூதத்தின் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளக்காமலே விளங்கும்.

தமிழுக்கென இவ்வாறான ஏவலர்களைப் படைத்ததில் மலேசியாவுக்குச் சிறப்பான பங்குண்டு. முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியது இந்த நாட்டில்தான். சென்னையில் 1999இல் கூடிய தமிழ் இணைய மாநாட்டிலிருந்து ‘தமிழ்99’ விசைப்பலகை பிறந்தது. சூலியா தெருக் கடையில் இருந்ததோ பெரியவருக்குத் தெரிந்த பையன் ஒருவன் எழுதிக் கொடுத்த சிறு நிரல். எந்த நிரலாயினும், தமிழில் எழுதிப் பிழைப்பவனுக்கு அது எழாத காலைப்பொழுது பேனாவில் மையில்லாத பொழுதுக்குச் சமானம்.

கையால் இயக்கினால் ஓடுகிறது என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி வைத்தியம் அடங்கியிருந்தது. நிரல் பழுதற்றது என்பதற்கு அதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை. ஆகவே அதை அழித்து அழித்துப் போடுவதில் பிரயோஜனமும் இல்லை. நாம் இயக்கும்போதும் கணினி தானாக இயக்கும்போதும் எந்தச் சூழ்நிலை வேறுபடுகிறது என்றுதான் விசாரிக்க வேண்டும். முதலில் டாஸ்க் மேனேஜரின் தொடக்கப் பட்டியலைத் திறந்து, நிரல் அங்கே முடக்கப்படவில்லை என்பதை நிச்சயித்துக்கொண்டேன். பிறகு, பையன் புத்திசாலித்தனமாக ஏற்படுத்தி வைத்திருந்த பதிவுக் கோப்பைப் பார்த்தேன். தன் குற்றத்தைத் தானே எழுதி வைக்கும் இந்தக் கோப்பைத் திறந்து பாராமலே பெரும்பாலோர் சோர்ந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் வருத்தந்தரும் விஷயம்.

அன்று காலை 9 மணி 2 நிமிஷம் 11 விநாடிக்கு, ‘இஸட்’ என்னும் எழுத்திட்ட தட்டில் சொற்பட்டியல் காணப்படவில்லை, ஆகையால் மூடிக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரே வரி இருந்தது. அந்தத் தட்டோ இந்தக் கணினியில் இருப்பதல்ல. ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் சேகரித்த பட்டியலை இரண்டு கணினிகளும் பகிர்ந்துகொள்ளட்டும் என்று மாடியிலுள்ள கணினியில் வைத்து, வைஃபை வழியாக இணைத்திருந்தார்கள். விண்டோஸின் ஈவெண்ட் வியூவரில் தேடியபோது, வைஃபை இணைந்த நேரம் 9 மணி 2 நிமிஷம் 29 விநாடி என்று கண்டது. இரண்டு நேரங்களையும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நீட்டினேன். பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலை மடக்கிக் கணக்கிட்டு, “பதினெட்டு விநாடி முந்திவிட்டான்!” என்றார்.

பரிகாரம் எளிது. தொடக்கப் பட்டியலிலிருந்து நிரலை எடுத்துவிட்டு, டாஸ்க் ஷெட்யூலரில், உள்நுழைந்து ஒரு நிமிஷம் கழித்து இயங்கும்படி புதிய பணியாக அமைத்தேன். மாடிக் கணினியே அணைந்திருக்கும் நாளை உத்தேசித்து, பட்டியலின் பிரதியொன்றை இங்கேயும் வைத்துக்கொள்ளவும், கோப்பு அகப்படாவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி தேடும்படி நிரலைத் திருத்தவும் பையனுக்குச் சொல்லியனுப்பினோம்.

இதே நோய்க்கு வேறு காரணங்களும் உண்டு. விண்டோஸில் ஒரு சேவையை ஒருவருடைய கணக்கின் பெயரில் இயங்க விட்டு, பிறகு கடவுச்சொல்லை மாற்றிவிட்டால், பழைய சொல்லையே வைத்திருக்கும் அந்தச் சேவை வாசலிலேயே தடுக்கப்படும். பழங்கணினிகளில், வழக்கமாக அளிக்கப்படும் 30 விநாடிக்குள் பதிலளிக்க இயலாமையால் சேவை கைவிடப்படுவதும் உண்டு. லினக்ஸில் சிஸ்டம்டி என்னும் மேலாளர் சேவைகளை எழுப்புகிறது. நாம் கட்டளை தட்டும் சாளரத்துக்கு மட்டும் தெரிந்த கோப்புறை வழிகள் அதற்குத் தெரியாமையால், நம் கையில் ஓடும் நிரல் அதன் கையில் விழுந்துவிடும். விழுந்தவுடன் மறுபடி எழுப்பும்படி அமைத்திருந்தாலும், 10 விநாடிக்குள் 5 தடவை எழுப்பிப் பார்த்துவிட்டு அது ஓய்ந்துவிடுவது வழக்கம். அப்போது கடைசியில் தென்படும் ‘எழுப்பும் வரம்பு கடந்தது’ என்ற செய்தியோடு நின்றுவிடாமல், முதல் தடவை விழுந்தபோது எழுதப்பட்ட வரிக்குப் பின்னோக்கிப் போக வேண்டும்.

மறுநாள் கடை திறக்கும் வேளைக்குப் போயிருந்தேன். பெரியவர் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வைஃபைக் குறி தோன்றிச் சிறிது நேரம் சென்றபின், திரையின் மூலையில் ‘அ’ என்னும் எழுத்து எழுந்தது. ஒன்றும் பேசாமல் விசைப்பலகையை அருகில் இழுத்து, காத்திருந்த பத்திரிகையின் முதற்சொல்லை அவர் தட்டினார்: ‘அன்புடையீர்’.