தண்ணீர் போன பிறகே ஆசாரி

பழைய ஃபிளாட் ஒன்றை உள்ளே முழுக்கப் புதுப்பிக்கிறார்கள் என்றால் அதன் சமையலறைச் சுவரை ஒருமுறை போய்ப் பாருங்கள். மேடை இருக்காது, அலமாரி இருக்காது. டைல்ஸ் பெயர்த்த வெறும் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு ‘மிக்ஸி’, ‘ஃபிரிட்ஜ்’, ‘வாட்டர் ஃபில்டர்’ என்று எழுதியிருக்கும். மிக்ஸி அங்கே வந்து உட்கார இன்னும் இரண்டு மாதம் ஆகலாம். ஆனால் அதன் இடம் இன்றைக்கே முடிவாக வேண்டும். மிக்ஸிக்கு பிளக் பாயின்ட் வேண்டும். பிளக்குக்குச் சுவருக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒயர் வர ஒரு குழாய், குழாயைப் பதிக்க ஒரு காடி, காடியை மூட பூச்சு, பூச்சின் மேல் டைல்ஸ். வேலை காடியில் தொடங்கி மிக்ஸியில் முடிகிறது. திட்டம் மிக்ஸியில் தொடங்கிக் காடிக்கு வருகிறது.

பெரிய வேலைகளை மட்டும் எண்ணினாலும் பத்து தேறும்: இடிப்பு, பிளம்பிங், மின்குழாய், பூச்சு, வாட்டர் புரூஃபிங், டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், பட்டி, மரவேலை, பெயிண்ட். இந்தப் பத்தை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? 36,28,800 விதமாக. ஒரு வரிசையைச் சொல்லப் பத்து விநாடி என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாகச் சொன்னாலும் 420 நாள் ஆகும். அனுபவமுள்ள மேஸ்திரி ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் சரியான வரிசையைச் சொல்லிவிடுகிறார். ‘பூச்சுக்கு முன்னால் பிளம்பிங்’ என்று அவர் சொன்ன உடனேயே கணக்கில் சரிபாதி கழிந்து 18,14,400 ஆகிவிடுகிறது. ‘பூச்சுக்கு அப்புறம்தான் டைல்ஸ்’ என்று அடுத்த வாக்கியம் வந்தால் மிச்சம் 6,04,800. இப்படி வாக்கியம் வாக்கியமாக லட்சங்கள் கரைந்து, கையில் சில வரிசைகளே நிற்கும்.

இந்த அறிவைக் கணிதமாக எழுதியவர்கள் 1957 வாக்கில்தான் வந்தார்கள். அமெரிக்காவின் டுபான்ட் வேதிப்பொருள் நிறுவனத்தில் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கணினி நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து ‘கிரிட்டிக்கல் பாத்’ என்ற முறையை உருவாக்கினார்கள். தமிழில் முக்கியப் பாதை எனலாம்: ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று கோத்து நிற்கும் வேலைச் சங்கிலிகளில் மிக நீளமானது. அந்தச் சங்கிலியில் ஒரு நாள் தாமதமானால் வீடே ஒரு நாள் தாமதம். மற்ற சங்கிலிகளில் சில நாள் தவறினாலும் கிரகப்பிரவேசத் தேதி அசையாது. அலமாரிக் கதவுகள் பட்டறையில் மூன்று நாள் தாமதமாகலாம், சுவர் இன்னும் ஈரமாக இருக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டு வேலையில் முக்கியப் பாதையை இழுத்துப் பிடித்திருப்பது பெரும்பாலும் ஆளில்லை, தண்ணீர்.

இடித்து முடித்தவுடன் முதலில் நுழைவதும் தண்ணீர்தான், ஒரு குழாய்க்குள். டியூப் லெவல் என்பார்கள். ஒளி ஊடுருவும் நீண்ட டியூபில் தண்ணீரை நிரப்பி, மேஸ்திரி ஒரு முனையோடு கூடத்தில் நிற்பார், உதவியாள் மறுமுனையோடு படுக்கையறைக்குப் போவார். “கொஞ்சம் ஏத்துங்கண்ணே… போதும், மார்க் பண்ணுங்க.” ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் இரு முனையிலும் நீர்மட்டம் ஒன்றே. வளைவோ, நடுவில் சுவரோ புவியீர்ப்புக்குப் பொருட்டில்லை. நேர்கோட்டில் மட்டும் போகும் லேசர் ஒளி மூலை திரும்பாது, இந்த மலிவான சமாசாரம் திரும்பிவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்படி வீடு முழுக்க ஒரே உயரத்தில் விழும் கோட்டிலிருந்துதான் தரை, சுவிட்ச், மேடை, கதவு எல்லாம் அளக்கப்படுகின்றன.

அடுத்து பூச்சு. சிமெண்ட் காய்ந்து இறுகுகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். உண்மையில் அது தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. சிமெண்ட் துகள்கள் நீரோடு வினைபுரிந்து நுண்ணிய படிகங்களையும் பசைபோன்ற பொருளையும் உண்டாக்கி மணலைப் பின்னிப் பிணைக்கின்றன. இதற்கு நீரேற்றம் என்று பெயர். தண்ணீருக்கடியிலும் சிமெண்ட் இறுகுவது இதனால்தான். பூசிய சுவருக்கு ஒரு வாரம் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பதும் இதனால்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம். நான்கு சுவரும் 440 சதுர அடி. அரை அங்குலப் பூச்சுக்கு ஏறக்குறைய மூன்று மூட்டை சிமெண்ட் போகும், கலவையில் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். சிமெண்டோடு வேதிமுறையில் கட்டுண்டு கல்லாகிப்போவது சிமெண்டின் எடையில் நான்கில் ஒரு பங்குதான், அதாவது முப்பத்தைந்து லிட்டரைச் சுற்றி. மீதியில் பெரும்பகுதி, நான்கைந்து பக்கெட், சுவரின் நுண்துளைகள் வழியே ஆவியாகி வெளியேறியாக வேண்டும். இது ஓர் அறைக்கு மட்டும். ஆடியில் வீட்டு வேலை தொடங்கத் தயங்குகிறோம். கொங்குப் பக்கம் ஆடிக்காற்று வீசும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் சுவர் உலர அதைவிட நல்ல மாதம் கிடையாது என்பது என் எண்ணம்.

பொறுமையில்லாமல் பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? உப்புப் பூக்கும், கொப்புளம் வரும் என்பது எல்லோரும் பார்த்தது. அதைவிட விந்தையான ஒன்றும் நடக்கும். புதுப் பூச்சு கடுமையான காரம். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. ஆயில் பெயிண்டில் இருப்பது எண்ணெய். ஈரமான புதுச் சுவரில் அதை அடித்தால் பெயிண்டின் அடிப்பக்கம் மெல்ல சோப்பாக மாறி, பிசுபிசுத்து, உரிந்து வரும். புதுப் பூச்சுக்கு 28 நாள் விடுங்கள் என்று பெயிண்டர் கேட்பதற்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. உலர உலர, காற்றிலுள்ள கரியமிலவாயு மேற்பரப்பின் காரத்தையும் தணித்துவிடுகிறது.

குளியலறையில் தண்ணீரே பரீட்சை வைக்கும். வாட்டர் புரூஃபிங் பூசி, அது காய்ந்த பிறகு, வடிகாலைத் துணி சுற்றி அடைத்து ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டுவார்கள். நான்குக்கு ஆறடி அறையில் நான்கு பக்கெட்டுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டு, கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இந்த இரண்டு நாளை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. டைல்ஸ் ஒட்டியபின் கசிவைத் தேடினால், தேடுவதற்கே தரையை உடைக்க வேண்டிவரும். டைல்ஸ் ஒட்டும்போது வாட்டம் கொடுப்பார்கள்: நூறுக்கு ஒன்று. ஆறடிக்கு 18 மில்லிமீட்டர், பெருவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலுக்குத் தெரியாத அந்தச் சரிவு தண்ணீருக்குத் தெரிந்துவிடுகிறது.

சுவர் உலர்ந்த பிறகுதான் ஆசாரி. மரம் வெட்டி எத்தனை வருடமானாலும் காற்றின் ஈரத்தை வாங்கி அகலத்தில் ஊதும், வெயிலில் இழந்து சுருங்கும். நீளத்தில் ஏறக்குறைய அசையாது. மூன்றடி அகலப் பலகை மழைக்கும் கோடைக்கும் இடையில் சில மில்லிமீட்டர் மாறும், ஓர் இழுப்பறை சிக்கிக்கொள்ள அது போதும். பிளைவுட்டில் இந்தக் குணத்தையே அதற்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். மெல்லிய மரத்தாள்களை ஒன்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். ஒன்று ஊத நினைக்கும் திசையில் பக்கத்துத் தாள் அசைய மறுக்கிறது. இரு பக்கமும் இழுவிசை சமமாக இருக்கவே தாள்கள் பெரும்பாலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட பிளைவுட்டையும் ஈரச் சுவரில் சாத்திவைத்தால் முதுகில் பூஞ்சை பிடிக்கும்.

இந்தப் பத்து வேலையிலும் சேராத ஒன்று உண்டு, செலவே இல்லாதது. காடியில் குழாய்கள் பதிந்து, பூச்சு ஏறாமல் சுவர் திறந்து கிடக்கும் நாள் ஒரே ஒரு நாளாக இருக்கலாம். அன்றைக்கு ஒவ்வொரு சுவரின் ஓரத்திலும் அளவு டேப்பை நீட்டிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் கழித்து டி.வி. மாட்ட வருபவர் டிரில்லிங் மெஷினைச் சுவரில் வைத்துவிட்டு, “இங்கே உள்ளே ஏதாவது போகுதா சார்?” என்று கேட்பார்.