பழைய கணினியை வீசிவிட முன்னர்…

வீட்டு மூலையில் கிடந்த பழைய கணினியைப் பிள்ளைகளின் படிப்புக்காக மீண்டும் இயக்குகிறோம். இணைய இணைப்பு கிடைக்கிறது. ஆனால் இணையத்தளங்கள் திறப்பதில்லை. பாதுகாப்பற்ற இணைப்பு என்ற எச்சரிக்கையே வருகிறது. உடனே கணினி பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

முதலில் திகதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறிய பற்றரி தீர்ந்திருந்தால் கணினியின் கடிகாரம் பல வருடங்கள் பின்னால் போயிருக்கும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு ஆரம்பத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினியின் திகதி பிழை என்றால் உலாவி அவற்றை ஏற்காது. பற்றரியை மாற்றி, திகதியைத் திருத்தினாலே பல வேளைகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

திகதி சரியாக இருந்தும் திறக்கவில்லையா? அப்படியானால் இயங்குதளமும் உலாவியும் காலாவதியாகியிருக்கலாம். விண்டோஸ் 7க்கான மைக்ரோசொப்ட்டின் வழமையான ஆதரவு 2020 ஜனவரி 14உடனும், விண்டோஸ் 10க்கானது 2025 ஒக்டோபர் 14உடனும் முடிந்துவிட்டன. குரோம் உலாவியும் 2023இல் விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. ஆதரவு முடிந்த இயங்குதளத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. எனவே அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்தானது.

இதற்கும் செலவில்லாத வழி உண்டு. லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்ற இலவச இயங்குதளங்கள் 64 பிட் புரொசசர் உள்ள பல பழைய கணினிகளில் இயங்கும். பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே பரீட்சித்துப் பார்க்கலாம். பிடித்திருந்தால், புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு நிறுவுங்கள். புதிய கணினி வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுவே போதும்.