திறப்பதற்காகவே வாங்கும் பூட்டு

சிலர் பூட்டு வாங்குவது எதையும் பூட்டி வைக்க அல்ல. வாங்கி வந்ததும் சாவியை ஓரமாகப் போட்டுவிட்டு, இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகளோடு உட்கார்ந்துவிடுவார்கள். சாவியில்லாமல் திறக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. மேல்நாடுகளில் இதற்கு 'லாக்ஸ்போர்ட்' என்று பெயர். ஜெர்மனியில் 1997-லேயே இதற்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. அமெரிக்காவின் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில் இதற்குத் தனி அரங்கே உண்டு.

பிசகில் இருக்கிறது சூட்சுமம்

கடைகளில் கிடைக்கும் பல பூட்டுகளுக்குள் இருப்பது, அமெரிக்கரான லைனஸ் யேல் 1860-களில் காப்புரிமை பெற்ற அமைப்பு. சாவி நுழையும் உருளைக்கு மேலே வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றை அழுத்த ஒரு சுருள்வில். சரியான சாவி நுழைந்தால், பின்கள் பிரியும் இடமெல்லாம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கும், உருளை சுழலும்.

துளைகள் இம்மி பிசகாமல் நேர்வரிசையில் அமைந்திருந்தால் கம்பிக்கு வேலையே இல்லை. எந்தத் தொழிற்சாலையாலும் அப்படித் துளைக்க முடிவதில்லை. வளைந்த கம்பியால் உருளையை லேசாகத் திருப்பிப் பிடித்தால், ஏதாவது ஒரு பின் மட்டும் முதலில் இறுகும். இன்னொரு கம்பியால் அதைத் தேடி மேலே தள்ள வேண்டும். அது சரியான உயரத்தில் நின்றதும் அடுத்த பின் இறுகும். கண்ணுக்கு இங்கே வேலையில்லை. எல்லாம் விரல் நுனிதான். முரட்டுப் பிடி பிடித்தால் எல்லாப் பின்களும் சேர்ந்து இறுகிவிடும். தரமான பூட்டுகளில் இடை சிறுத்த பின்களும் இருக்கும். அவற்றால் உருளை சற்றுத் திரும்பித் திறந்துவிட்டதுபோல ஏமாற்றும். பிடியைத் தளர்த்தினால்தான் வழி கிடைக்கும்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டிடம் இந்த வித்தை செல்லாது. அது லீவர் தகடுகளால் ஆனது. அதற்குக் கருவியும் வேறு, கைப்பக்குவமும் வேறு.

லண்டனை உலுக்கிய கம்பி

1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்தார் அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஹாப்ஸ். தவறான கருவி பட்டால் தானே இறுகி, உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் என்று பெயர்பெற்ற சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை 25 நிமிடங்களில் திறந்தார். அடுத்து, லண்டனின் பிக்காடிலியில் பிராமா நிறுவனத்தின் பூட்டுக் கடைக் கண்ணாடிக்குள் 1790 முதல் சவால்விட்டுக்கொண்டிருந்த பூட்டு. திறப்பவருக்கு 200 கினி பரிசு. 16 நாட்களில் 51 மணி நேரம் போராடி அதையும் வென்றார்.

இந்த ரகசியங்களை ஊரறியப் பேசலாமா என்று அன்று எழுந்த கேள்வி இன்றும் ஓயவில்லை. திருடர்களுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும் என்பதே ஹாப்ஸ் தரப்பின் வாதம். பூட்டின் பலவீனம் தெரியாமல் இருந்தவர் காசு கொடுத்து வாங்கியவர் மட்டும்தான்.

ஆனால், சட்டம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜப்பானில் தகுந்த காரணமின்றி இத்தகைய கருவிகளை வைத்திருப்பதே 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொழுதுபோக்காளர்களும் தங்களுக்குள் இரண்டு விதிகள் வைத்திருக்கிறார்கள்: அடுத்தவர் பூட்டை அனுமதியின்றித் தொடாதே, பயன்பாட்டில் உள்ள பூட்டை, உன்னுடையதே ஆனாலும், தொடாதே. இரண்டாவது விதி அனுபவம் தந்தது. பின்னோ சுருள்வில்லோ கெட்டுப்போனால், சொந்தச் சாவியே பிறகு உதவாது.