வெட்டுண்ட தேர்ச்சக்கரம்

எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவன்று, பொழுது விடியுமுன்பே மேலவீதி மாடியொன்றில் ஏறி, நிலையிலிருந்து தேர் நகரும் அந்த ஒரு கணத்துக்காகப் பொறுமையோடு காத்திருந்து இளைஞர் ஒருவர் எடுத்த புகைப்படத்தை, அவருடைய முகநூல் பக்கத்தில் கண்டு மகிழ்ந்தேன். வடம் பிடித்த கைகளின் நரம்புகூடத் தெரிந்த அப்படத்தின் கீழ்மூலையில், சக்கரத்தை ஒட்டினாற்போல், சிற்றெழுத்தில் தம் பெயரைப் பொறித்திருந்தார். மறுநாள் நண்பரொருவர் அதே படத்தை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இட்டபோது, பெயரை நீக்கும்பொருட்டு யாரோ அடிப்பகுதியை வெட்டிவிட்டிருந்தமையால், தேர்ச்சக்கரம் பாதியாய் நின்றது.

எல்லோர் கண்ணிலும் படுவது எல்லோருக்கும் சொந்தம் என்ற அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், ஓவியத்தைப் போலவே புகைப்படத்தையும் கலைப்படைப்பாக மதித்து, அதை எடுத்தவரையே அதன் கர்த்தாவாகக் கொள்கிறது. பதிவு செய்யவோ முத்திரை இடவோ வேண்டியதில்லை. படம் பிறந்த கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. அவர் ஆயுள் முழுவதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அது நிலைக்கிறது. கல்யாண வீட்டார் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை அவர்களைச் சேரும். எனினும் ‘இதை எடுத்தவன் நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எடுத்தவரை விட்டு நீங்குவதில்லை. உரிமையாளரைக் காட்டும் குறிப்பைத் தெரிந்தே அகற்றுவது, 2012இல் செய்த திருத்தத்தின்படி, 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

சமூக ஊடகத்தில் இட்டபின் உரிமை ஏது என்று கேட்போருக்கு, ஹெய்ட்டியில் நடந்ததொன்றைச் சொல்லலாம். 2010 ஜனவரி 12 அன்று அந்நாட்டின் தலைநகரைப் பெரும் பூகம்பம் தகர்த்தபோது, அங்கிருந்த டேனியல் மொரேல் என்னும் புகைப்படக் கலைஞர், இடிபாடுகளுக்கிடையே எடுத்த படங்களை ட்விட்டர் வழியாக உலகுக்குக் காட்டினார். அவற்றை வேறொருவர் தம்முடையவை போல் வெளியிட, ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் அந்த மற்றவரிடமிருந்து எடுத்து, அம்மற்றவர் பெயரையே இட்டு விநியோகம் செய்தது. ட்விட்டரில் வந்தமையாலேயே பிறர் எடுத்தாள அனுமதி உண்டு என்ற வாதத்தை நியூயார்க் நீதிமன்றம் 2013இல் நிராகரித்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜூரிகள் மொரேலுக்கு 12 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தனர்.

அப்படியானால் படங்களைப் பகிரவே கூடாதா என்றால், நேர்வழிகள் பல உண்டு. படம் இடப்பட்ட தளத்திலேயே உள்ள பகிர்வுப் பொத்தானை அழுத்தினால், படம் உரியவர் பெயரோடு செல்கிறது. தரவிறக்கி நம் பக்கத்தில் ஏற்றுவதோ வேறு காரியம். 2002 முதல் வழங்கிவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களின்கீழ், கலைஞர்கள் தாமே மனமுவந்து, பெயரைக் குறிப்பிடுக, வணிகத்துக்கு ஆகாது, மாற்றலாகாது என்பன போன்ற நிபந்தனைகளோடு படங்களை அளிக்கின்றனர். விக்கிமீடியா பொதுவகத்தில், பெயரைக் குறிப்பிட்டால் எடுத்தாளத்தக்க படங்கள் ஏராளம். புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த கோயிற்படங்கள், அவர் 1902இல் காலமாகிவிட்டமையால், இன்று பொதுச்சொத்து. விமர்சனத்துக்கும் நடப்புச் செய்திக்கும் நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டமே இடமளிக்கிறது. ‘நன்றி: இணையம்’ என்று எழுதுவது மட்டும் இவற்றுள் ஒன்றிலும் சேராது, இணையம் எந்தப் படத்தையும் எடுத்ததில்லை, ஒரு மனிதர் எடுத்தார்.

எல்லாவற்றிலும் எளியது, கேட்பது. இளைஞருக்கு நான் இரண்டு வரி எழுதிக் கேட்டபோது, “தாராளமா போடுங்க ஐயா, பேரை மட்டும் எடுத்துடாதீங்க” என்று அரைமணி நேரத்துக்குள் பதில் வந்தது. கூடவே மூலப்படத்தையும் அனுப்பியிருந்தார். அதை நண்பருக்கு அனுப்பி விவரத்தைச் சொன்னேன். அவர் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைக் குழுவில் இட்டார். அதில் சக்கரம் முழுமையாக இருந்தது. அதனருகே அந்தப் பெயரும் இருந்தது.