கிறிஸ்துமஸ் கேக்கும் ஒரு துண்டுச் சீட்டும்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டது. கேரளத்தில் வீட்டு வாசல்களில் நட்சத்திர விளக்குகள் தொங்குகின்றன. சிறுவர்கள் வைக்கோலும் புல்லும் கொண்டு குடில் கட்டுகிறார்கள். மாலை நேரத்தில் பாட்டுக் குழுவினர் மேளம் கொட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறார்கள்.

கிறிஸ்தவர்களில் பலர் டிசம்பர் 1 முதல் 24 வரை நோன்பு இருப்பார்கள். மீன், இறைச்சி, முட்டை உண்ண மாட்டார்கள். 24-ஆம் தேதி நள்ளிரவில் கோவிலில் வழிபாடு நடக்கும். அத்துடன் நோன்பு முடியும். 25-ஆம் தேதி காலை வீடுகளில் அப்பமும் இறைச்சிக் குழம்பும் மணக்கும். கேக்கை வெட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுப்பார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்கள்.

ஒருவருக்குப் பண்டிகை என்றால் இன்னொருவருக்கு வேலை கூடும். பேருந்து ஓட்டுநருக்கு ஓய்வில்லை. தையல்காரருக்குத் தூக்கமில்லை. பேக்கரித் தொழிலாளிக்கோ மூச்சுவிட நேரமில்லை.

கேக் வந்த கதை

கேரளத்தின் வடபகுதியில் தலச்சேரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1880-ஆம் ஆண்டு மம்பள்ளி பாப்பு என்பவர் ஒரு பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கினார். அவர் பர்மாவில் பிஸ்கட் செய்யும் தொழிலைப் பழகியவர்.

1883-ஆம் ஆண்டு மர்டோக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட உரிமையாளர் அவரிடம் வந்தார். இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த ஒரு கேக்கைக் காட்டினார். "கிறிஸ்துமஸுக்கு இதுபோல் செய்து தர முடியுமா?" என்று கேட்டார்.

பாப்பு அதுவரை கேக் செய்தது இல்லை. ஆனாலும் தயங்கவில்லை. கேக்கைத் தின்று பார்த்தார். என்னென்ன சேர்க்க வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கொல்லரிடம் சொல்லி அச்சு செய்து வாங்கினார். மலபாரில் விளையும் வாசனைப் பொருள்களைச் சேர்த்தார். டிசம்பர் 20-ஆம் தேதி கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிரவுன் ருசி பார்த்து மகிழ்ந்தார். மேலும் 12 கேக்குகள் வேண்டும் என்றார். தலச்சேரியில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி இது.

பாப்புவின் வெற்றிக்குக் காரணம் கைத்திறமை மட்டும்தானா? இல்லை. கேட்டவர் பொருளைக் காட்டிக் கேட்டார். செய்தவர் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். செய்து முடித்ததும் காட்டிச் சரிபார்த்தார். வேலை சரியாக நடக்க இந்த மூன்றும் தேவை.

தலையாட்டினால் போதுமா?

இப்போது ஒரு சிறிய பேக்கரியை நினைத்துப் பாருங்கள். பழங்களை முன்கூட்டியே ஊறப் போட்டாகிவிட்டது. ஒருவர் சர்க்கரையைக் கருக்கிப் பாகு காய்ச்சுகிறார். ஒருவர் முட்டை அடிக்கிறார். மாவு பிசையும் இயந்திரம் கடகடவென்று ஓடுகிறது. பெட்டியில் அடைக்க உள்ளூர்ப் பெண்கள் இருக்கிறார்கள். அடுப்பு வேலைக்கு மேற்கு வங்காளம், அசாம், பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒருவர் மொழி ஒருவருக்குப் பாதிதான் புரியும்.

ஒரு தாய் தொலைபேசியில் கேக் கேட்கிறார். "ஒரு கிலோ கேக் வேண்டும். முட்டை கூடாது. என் குழந்தைக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது" என்கிறார். முதலாளி அடுப்படியைப் பார்த்துக் கத்துகிறார்: "நாளைக்கு ஒரு கிலோ, முட்டை வேண்டாம்!"

இயந்திரத்தின் இரைச்சலில் வங்காள இளைஞருக்கு "ஒரு கிலோ" மட்டும்தான் காதில் விழுகிறது. ஆனாலும் அவர் தலையாட்டுகிறார். முதலாளி திரும்பிப் போய்விடுகிறார்.

மறுநாள் கேக் தயார். பெட்டியில் அடைக்கும் பெண்ணுக்குச் சந்தேகம் வருகிறது. "பாய், இது முட்டை போட்டதா, போடாததா?" என்று கேட்கிறார்.

"போட்டதுதான் சேச்சி."

முதலாளி ஓடி வருகிறார். "நேற்று சொன்னேனே! நீயும் தலையாட்டினாயே!" என்று கோபிக்கிறார்.

இளைஞர் தலை குனிகிறார். "புரியவில்லை என்று சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்தேன்" என்கிறார்.

முதலாளி பேசாமல் நிற்கிறார். தவறு ஒருவருடையது அல்ல என்பது அவருக்குப் புரிகிறது. அவர் இரைச்சலில் கத்தினார். எழுதிக் கொடுக்கவில்லை. புரிந்ததா என்று கேட்கவும் இல்லை.

அந்தக் கேக் அந்த வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு உடம்பில் தடிப்பு வரலாம். உதடும் முகமும் வீங்கலாம். சில குழந்தைகளுக்கு மூச்சுத் திணறலும் வரும். அது உயிருக்கே ஆபத்து. ஒரு பெண் கேட்ட ஒரே ஒரு கேள்வி அந்த ஆபத்தைத் தடுத்தது.

மூன்று நல்ல பழக்கங்கள்

முதல் பழக்கம்: புரியாவிட்டால் "புரியவில்லை" என்று சொல்லுங்கள். இது குறை அல்ல. பொறுப்புள்ளவரே இப்படிச் சொல்வார். அப்படிச் சொல்பவரை மேலாளரும் ஏசக் கூடாது. ஏசினால் அடுத்த முறை அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இரண்டாம் பழக்கம்: கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். "ஒரு கிலோ, முட்டை இல்லாதது, நாளை காலை 10 மணிக்கு. சரிதானே?" என்று கேளுங்கள். ரயில்வேயிலும் மருத்துவமனையிலும் முக்கியமான செய்திகளை இப்படித்தான் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள்.

மூன்றாம் பழக்கம்: எழுதி வையுங்கள். வாய்ச்சொல் காற்றோடு போகும். எழுத்து நிலைத்து நிற்கும். இரவு வேலைக்கு வருபவர் பகலில் பேசியதைக் கேட்டிருக்க மாட்டார். சீட்டு இருந்தால் அவரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

சீட்டில் என்ன எழுதுவது?

நீளமாக எழுத வேண்டியதில்லை. ஐந்து வரி போதும்.

பொருள்: பிளம் கேக்
எடை: 1 கிலோ
குறிப்பு: முட்டை கூடாது. குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது
நாள், நேரம்: டிசம்பர் 23, காலை 10 மணி
எழுதியவர் பெயர்

"நாளை" என்று எழுதாதீர்கள். சீட்டை மறுநாள் படிப்பவருக்கு "நாளை" என்பது வேறு நாளாகிவிடும். தேதியை எழுதுங்கள். படிக்கத் தெரியாதவரும் வேலை செய்கிறாரா? முட்டைப் படம் வரைந்து குறுக்கே ஒரு கோடு போடுங்கள். எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

சீட்டு எழுதினால் மட்டும் போதாது. முட்டை அடித்த பாத்திரத்தையும் கரண்டியையும் நன்றாகக் கழுவிய பிறகே முட்டை இல்லாத மாவைக் கலக்க வேண்டும். ஏன் கழுவ வேண்டும் என்ற காரணத்தையும் தொழிலாளியிடம் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்தவர் கவனமாகச் செய்வார்.

கேக் வாங்குபவரும் பெட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் அது சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அது அசைவம். முட்டை சேர்த்த கேக்கும் இதில் அடங்கும். உணவு ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் குறியோடு நிற்காதீர்கள். சேர்த்த பொருள்களின் பட்டியலையும் படியுங்கள். கடைக்காரரையும் கேளுங்கள்.

உங்கள் கணக்கும் எழுத்தில் இருக்கட்டும்

பண்டிகைக் காலத்தில் வேலை நேரம் நீளும். "ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போ" என்பார்கள். ஒரு மணி மூன்று மணி ஆகும். மாதக் கடைசியில் கூலி வாங்கும்போது எத்தனை மணி நேரம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

தொழிற்சாலையில் மிகைநேர வேலைக்கு இரண்டு மடங்கு கூலி தர வேண்டும். 1948-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டுச் சட்டம் இதைச் சொல்கிறது. கடைகளுக்கு மாநிலச் சட்டங்கள் உண்டு. ஆனால் உரிமையைக் கேட்கக் கணக்கு வேண்டும். ஒரு சிறு குறிப்பேடு வாங்குங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம் ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள்.

விடுப்பையும் எழுதிக் கேளுங்கள். "டிசம்பர் 24, 25 ஆகிய இரண்டு நாள்கள் எனக்கு விடுப்பு வேண்டும். 26 காலை வேலைக்கு வருவேன்" என்று எழுதினால் போதும். முன்கூட்டியே கொடுத்தால் முதலாளிக்கும் ஆள் ஏற்பாடு செய்ய வசதி. கிறிஸ்துமஸுக்கு ஒருவர் போகட்டும். ஈத் பெருநாளுக்கும் துர்கா பூஜைக்கும் மற்றவர் போகட்டும். கலந்து பேசினால் எல்லாருக்கும் பண்டிகை உண்டு.

படிக்க வயது தடை அல்ல

கேரளம் 1991-ஆம் ஆண்டு ஏப்ரல் 18 அன்று முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. கோழிக்கோட்டில் நடந்த அந்த விழாவில் அறிவிப்பை வாசித்தவர் சேலக்கோடன் ஆயிஷா. அவர் வயது வந்த பிறகு எழுத்துக் கற்றவர். பிற மாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்பிக்க 2017-ஆம் ஆண்டு அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. அதன் பெயர் "சங்ஙாதி". நண்பன் என்று பொருள்.

நமது பேக்கரியில் இப்போது சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு சீட்டும் அதில் வரிசையாகக் குத்தப்படுகிறது. சேச்சி ஓய்வு நேரத்தில் வங்காள இளைஞருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். அவர் முதலில் படிக்கக் கற்ற சொல் எது தெரியுமா? "முட்டை". இரண்டாவது சொல் "கூடாது".

சிந்தியுங்கள், பேசுங்கள்

1. இளைஞர் புரியாமலே ஏன் தலையாட்டினார்? முதலாளி எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?
2. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் தவறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்த இழப்பு எது?
3. உங்கள் வேலைக்குப் பொருந்தும் ஐந்து வரிச் சீட்டு ஒன்று எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குச் சரியாகப் புரிந்ததா என்று கேளுங்கள்.