எந்த அறைக்கு எந்த விரிப்பு?

வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் என்ன செய்கிறோம்? "வாங்க, உட்காருங்க" என்கிறோம். உடனே பாயை விரிக்கிறோம்.

நாற்காலி இல்லாத வீடு உண்டு. பாய் இல்லாத வீடு உண்டா?

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். கார்த்திகை தீபம் நெருங்கினால் இந்தச் சுற்றுவட்டாரத்து வீடுகளில் உறவினர் கூட்டம்தான். பரணில் கிடந்த பாய், ஜமக்காளம் எல்லாம் கீழே இறங்கும். "இது போதாதே, இன்னொன்று வாங்க வேண்டுமே" என்று அப்போதுதான் தோன்றும்.

அவசரமாகக் கடைக்குப் போகிறோம். கண்ணைப் பறிக்கும் நிறத்தைப் பார்த்ததும் வாங்கி விடுகிறோம். வீட்டில் விரித்தால் கதவு திறக்க மாட்டேன் என்கிறது. முதல் தண்ணீரிலேயே சாயம் போகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டி அதன் ஓரத்தில் கால் இடறி விழுகிறார்.

கொஞ்சம் யோசித்து வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

புடவையே அளவுகோல்!

கடைக்குப் போகும் முன்பு அறையை அளந்து கொள்ளுங்கள். அளவு நாடா இல்லையா? கவலை வேண்டாம். வீட்டில் பழைய புடவை இருக்கும்.

ஒரு புடவை ஏறக்குறைய 18 அடி நீளம், 4 அடிக்குச் சற்றுக் குறைவான அகலம். அதை மூன்றாக மடித்தால் 6 அடி நீளம் வரும். அது ஒருவர் படுக்கும் பாயின் அளவு. அதைத் தரையில் விரித்துப் பாருங்கள். கதவு தடையின்றித் திறக்கிறதா? பீரோவைத் திறக்க இடம் இருக்கிறதா? சுற்றி நடக்க வழி இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் அந்த அளவு சரி.

கூடத்துக்கு ஜமக்காளம் வாங்குகிறீர்களா? ஒருவர் சம்மணம் போட்டு உட்கார 2 அடி அகலமும் 3 அடி ஆழமும் வேண்டும். 12 அடிக்கு 9 அடி ஜமக்காளத்தில் வரிசைக்கு 6 பேர் வீதம் மூன்று வரிசை, அதாவது 18 பேர் உட்காரலாம். உங்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

படுக்கை அறைக்குக் கோரை

கோடையில் படுக்கச் சுகமானது கோரைப் பாய். வியர்வை தேங்காது. உடம்பில் காற்றுப் படும்.

நமது மாவட்டத்திலேயே பாய்க்குப் பெயர் பெற்ற ஊர் வந்தவாசி. 1760-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட அதே வந்தவாசிதான். பீரங்கி முழங்கிய ஊரில் இன்று பாய்த் தறி ஓடுகிறது!

காவிரிக் கரையில் கரூர், நாமக்கல், திருச்சி மாவட்டங்களில் கோரை பயிராகிறது. அதை அறுத்து, கீறி, வெயிலில் காய வைத்து, சாயம் ஏற்றி, நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள்.

கோரையிலேயே பட்டுப் போன்றது திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாய். கோரையை மெல்லிய இழையாகக் கிழித்து நெய்வதால் துணி போல் வளையும். மணமக்கள் பெயரை நெய்து தருவதும் உண்டு. 1953-ஆம் ஆண்டு பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இந்த ஊர்ப் பாய் போனது என்றால் அதன் பெருமையைப் பாருங்கள்.

கோரைப் பாயை வாங்கும்போது கையால் தடவிப் பாருங்கள். கோரை முனை நீட்டிக் கொண்டிருந்தால் தவழும் குழந்தைக்குக் குத்தும். ஓரத்தில் துணி வைத்துத் தைத்த பாயே நல்லது.

கூடத்துக்கு ஜமக்காளம்

ஜமக்காளம் என்றால் பவானி. காவிரியும் பவானி ஆறும் கூடும் ஊர் அது. ஈரோடு மாவட்டத்தில் உள்ளது. சீமைத் துணி வந்து குவிந்து நமது நெசவாளர் பிழைப்பைக் கெடுத்தது 19-ஆம் நூற்றாண்டில். பவானி நெசவாளர் சோர்ந்து போகவில்லை. முரட்டுப் பருத்தி நூலில் பட்டை பட்டையாக வண்ணம் சேர்த்து ஜமக்காளம் நெய்தார்கள். ஊரின் பெயர் நாடெங்கும் பரவியது.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஜமக்காளத்தைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம் என்று 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் இருக்கிறது. ஆனாலும் போலிச் சரக்கு சந்தைக்கு வருகிறது. நாம் ஏமாந்தால் நமக்குப் பணம் நஷ்டம். நெசவாளி வீட்டிலோ அடுப்பு எரியாது.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் திருப்பிப் பாருங்கள். பட்டை போட்ட ஜமக்காளம் இரண்டு பக்கமும் ஒன்று போல் இருக்கும். அச்சடித்த விரிப்பில் ஒரு பக்கம்தான் நிறம் பளிச்சென்று தெரியும்.

அடுத்து, வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் சாயம் நிற்காது.

மூன்றாவது, தொங்கும் நூல் ஒன்றை எடுத்து வீட்டுக்கு வெளியே பெரியவர்கள் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி நூல் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் நூல் உருகி உருண்டையாகும்.

கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கம்பளம் வேண்டாமா?

தடித்த மயிர்க் கம்பளம் காஷ்மீரத்துக்கும் பாரசீகத்துக்கும் பொருத்தம். அங்கே குளிர். நமது ஊரிலோ வெயிலும் புழுதியும். அதன் மயிருக்குள் தூசி தங்கும். இழுப்பு நோய் உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு அது ஆகாது. உதறித் துவைக்கக் கூடிய மெல்லிய விரிப்பே மேல்.

பிளாஸ்டிக் பாய் விலை மலிவு. கழுவுவதும் சுலபம். திண்ணைக்கும் மொட்டை மாடிக்கும் நல்லது. ஆனால் தீ பட்டால் உருகி ஒட்டிக் கொள்ளும். கார்த்திகை அன்று அகல் விளக்கு ஏற்றும் இடத்தில் எந்த விரிப்பும் இருக்கக் கூடாது.

வழுக்கி விழாமல் இருக்க

இப்போது பல வீடுகளில் டைல்ஸ் தரை. அதன் மேல் சிறு விரிப்பைப் போட்டால் சறுக்கு மரம்தான்! வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். ஒரு விரிப்பின் விலை எங்கே, வைத்தியச் செலவு எங்கே?

விரிப்புக்கு அடியில் ரப்பர் வலை போடுங்கள். ஓரம் சுருண்டிருந்தால் சரி செய்யுங்கள். படிக்கட்டின் தலைப்பிலும், பெரியவர்கள் இரவில் எழுந்து நடக்கும் வழியிலும் விரிப்பே வேண்டாம்.

நீண்ட நாள் உழைக்க

கோரைப் பாயை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். மடித்தால் கோரை ஒடியும். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஜமக்காளத்தை முதல் தடவை தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். மாதம் ஒரு முறை வெயில் காட்டினால் போதும்.

படுக்கக் கோரை, பலர் கூடி உட்கார ஜமக்காளம், வெளியே போடப் பிளாஸ்டிக். இதை மனத்தில் வைத்துக் கொண்டு கடைக்குப் போங்கள். விலையைக் கேட்கும் முன்பு இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். இதில் நமது வீட்டுப் பெரியவர் பயமின்றி நடப்பாரா? குழந்தை சுகமாகத் தூங்குமா?

அதுதான் நல்ல விரிப்பு!